உஷார்! கைவிடப்பட்ட ஆண்ட்ராய்டை உங்கள் சிஸ்டத்தில் ஏற்றாதீர்கள்

கோலார் தங்கவயலில் பழைய கம்ப்யூட்டர் வைத்திருக்கும் ஒவ்வொரு வீட்டுக்கும் இந்த எச்சரிக்கை. "விண்டோஸ் 10 முடிஞ்சுபோச்சுண்ணா. 11 இந்த மெஷின்ல ஏறாது. கவலைய விடுங்க, ஆண்ட்ராய்டு போட்டுத் தரேன், ஃபோன் மாதிரியே பறக்கும்" என்று யாராவது பென்டிரைவோடு வந்தால், காபி கொடுத்து அனுப்பிவையுங்கள். கம்ப்யூட்டரை மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.

அவர் சொல்வதில் முதல் பாதி உண்மைதான். விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாப்ட் தந்துவந்த வழக்கமான பாதுகாப்பு அப்டேட்டுகள் 2025 அக்டோபர் 14-உடன் நின்றுவிட்டன. விண்டோஸ் 11 முறைப்படி ஏற வேண்டுமானால் டிபிஎம் 2.0 வேண்டும், இன்டெல் என்றால் ஏறக்குறைய 8-ஆம் தலைமுறை பிராசஸர் வேண்டும், குறைந்தது 4 ஜிபி ராம் வேண்டும். பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் செகண்ட் ஹேண்டில் வாங்கி, மாரிகுப்பம் ரயிலில் மடியில் வைத்துக் கொண்டுவந்த கோர் 2 டுவோ பெட்டிக்கு இதில் எதுவும் கிடையாது. தமிழ்நாட்டு உறவுக்காரர் வீட்டிலிருந்து வந்து சேர்ந்த பழைய இலவச லேப்டாப்புகளின் நிலையும் பெரும்பாலும் இதுதான்.

பறக்கும் என்ற இரண்டாவது பாதியில்தான் வில்லங்கம். அவர் பென்டிரைவில் இருக்கும் ஆண்ட்ராய்டு உங்கள் ஃபோனில் இருக்கும் ஆண்ட்ராய்டு கிடையாது. செய்தவர்களே கைகழுவிவிட்டுப் போன சரக்கு அது.

பென்டிரைவில் இருப்பது என்ன?

பெரும்பாலும் ரீமிக்ஸ் ஓஎஸ். கூகுளிலிருந்து வெளியே வந்த மூன்று பேர் 2014-இல் தொடங்கிய ஜைடு டெக்னாலஜி என்ற நிறுவனம் செய்தது. 2016 ஜனவரியில் இதைச் சாதாரண கம்ப்யூட்டருக்கும் இலவசமாகத் தந்தார்கள். கீழே டாஸ்க்பார், ஓரத்தில் ஸ்டார்ட் மெனு, ஒரே திரையில் நாலைந்து ஜன்னல்கள் என்று பார்க்க விண்டோஸ் போலவே இருக்கும். உள்ளே ஓடுவது எல்லாம் ஃபோன் ஆப்கள். 2 ஜிபி ராம் உள்ள பெட்டியிலும் சுறுசுறுப்பாக ஓடியது. அன்றைக்கு அது நல்ல சரக்கு என்பதில் சந்தேகமே இல்லை.

ஆனால் 2017 ஜூலை 17 அன்று ஜைடு கடையைக் கட்டியது. இனி கம்பெனிகளுக்கு மட்டுமே வேலை செய்வோம், பொதுமக்களுக்கான ரீமிக்ஸ் ஓஎஸ் வளர்ச்சியை நிறுத்துகிறோம் என்று அறிவித்துவிட்டது. கம்ப்யூட்டருக்கான ரீமிக்ஸ் அன்று நின்ற இடம் ஆண்ட்ராய்டு 6. இன்றும் அங்கேயேதான் நிற்கிறது.

அடுத்தது பீனிக்ஸ் ஓஎஸ். சீனாவில் பிறந்தது, கீபோர்டு மவுஸ் வைத்து பப்ஜி ஆடப் பையன்கள் தேடிப் போட்டது. கைமாறிக்கொண்டிருக்கும் பதிப்புகளில் அதிகம் ஆண்ட்ராய்டு 7 வகை. அதன் வளர்ச்சியும் நின்றுபோனது. இவற்றுக்கெல்லாம் தாய் ஆண்ட்ராய்டு-எக்ஸ்86. தைவானைச் சேர்ந்த சி-வெய் ஹுவாங் என்பவரின் தலைமையில் தன்னார்வலர்கள் பல வருடம் பாடுபட்டு உருவாக்கிய திட்டம். அதன் 9.0-ஆர்2 பதிப்பு 2020 மார்ச்சில் வந்தது. ஆண்ட்ராய்டு 10-க்கு அவர்கள் நிலையான பதிப்பு எதையும் தரவில்லை.

மைக்ரோசாப்டே இந்த விளையாட்டை முயன்று பார்த்து விலகிவிட்டது. விண்டோஸ் 11-க்குள் ஆண்ட்ராய்டு ஆப்களை ஓட்டும் வசதியை 2025 மார்ச் 5-உடன் நிறுத்திக்கொண்டது. அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கே கட்டுப்படியாகாத பராமரிப்பை, கைவிட்டுப் போன ஒரு நிறுவனத்தின் பழைய ஃபைல் எப்படிச் செய்யும்?

"நல்லாத்தானே ஓடுது?"

எச்சரித்தால் வருகிற முதல் பதில் இது. இந்தப் பதில்தான் என்னைப் பயமுறுத்துகிறது. ஓடாமல் நின்றுவிட்டால் நீங்களே தூக்கிப் போட்டுவிடுவீர்கள், யாருக்கும் நஷ்டமில்லை. நன்றாக ஓடினால்தான் ஜிமெயிலைத் திறப்பீர்கள், ஆதார் நம்பரை அடிப்பீர்கள், பிள்ளையின் ஸ்காலர்ஷிப் விண்ணப்பத்தைப் போடுவீர்கள். ஓடுவது வேறு, காவல் இருப்பது வேறு.

இந்த வித்தியாசத்தைத் தங்கவயல்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் மேல் ஆழம். பாரத் கோல்டு மைன்ஸ் ஓடிய காலத்தில் இரவு பகலாகப் பம்பு ஓடி ஊறுகிற தண்ணீரை வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. 2001 மார்ச் 1-ஆம் தேதி மூடினார்கள். மேலே ஷாஃப்ட் நின்றது, கட்டடம் நின்றது, பார்ப்பவருக்கு எதுவும் மாறவில்லை. பம்பு நின்றதும் உள்ளே தண்ணீர் ஏறியது. ஓஎஸ்ஸும் அப்படித்தான். அதில் ஓட்டைகள் ஊறிக்கொண்டே இருக்கும். மாதாமாதம் வரும் பாதுகாப்பு அப்டேட்தான் அந்தப் பம்பு. ரீமிக்ஸுக்கு அது 2017-இலேயே நின்றுவிட்டது.

நின்ற பிறகு என்ன ஏறியது என்று பாருங்கள்.

2017 செப்டம்பர் 12. ஆர்மிஸ் என்ற பாதுகாப்பு நிறுவனம் 'புளூபார்ன்' என்ற ஓட்டையை வெளியிட்டது. புளூடூத் ஆனில் இருந்தால் போதும், நீங்கள் எதையும் இணைக்காமலே, எந்த பட்டனையும் தொடாமலே பக்கத்தில் இருப்பவர் உள்ளே நுழைய முடியும். கூகுள் அதே மாதம் ஆண்ட்ராய்டுக்குத் தீர்வு கொடுத்தது. ரீமிக்ஸுக்கு அதை எடுத்துப் போட ஆளில்லை.

2017 அக்டோபர் 16. பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழக ஆய்வாளர் மாத்தி வான்ஹூஃப் 'கிராக்' என்ற வைஃபை ஓட்டையை அறிவித்தார். டபிள்யூபிஏ2 என்று நாம் நம்பிக்கொண்டிருந்த வைஃபை பூட்டிலேயே பிழை. இதில் மிக மோசமாக அடிபட்டவற்றில் ஒன்று ஆண்ட்ராய்டு 6. தாக்குபவர் கொஞ்சம் ஏமாற்றினால், அது வெறும் பூஜ்ஜியங்களாலான சாவியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடும். எல்லாம் பூஜ்ஜியமென்றால் பூட்டே இல்லை என்று அர்த்தம். ரீமிக்ஸ் எந்த ஆண்ட்ராய்டில் நின்றது? அதே 6-இல். எப்போது நின்றது? இந்த அறிவிப்புக்கு ஏறக்குறைய மூன்று மாதம் முன்னால்.

2018 ஜனவரி 3. இன்டெல் சிப்புகளையே உலுக்கிய 'மெல்ட்டவுன்', கூடவே 'ஸ்பெக்டர்'. ஒரு புரோகிராம் தான் பார்க்கக் கூடாத நினைவகப் பகுதியை எட்டிப் பார்க்க வழிவிடும் கோளாறுகள். விண்டோஸ், லினக்ஸ் எல்லாம் அவசர அவசரமாக அடைத்தன.

கைவிடப்பட்ட ஆறே மாதத்துக்குள் பெரிய ஓட்டைகள் இத்தனை. அதற்குப் பிறகு ஓடிய வருடங்களில் சேர்ந்தவை தனிக் கணக்கு. கிராக் தாக்குதலுக்கு ஆள் வைஃபை எல்லைக்குள் இருக்க வேண்டும் என்பது உண்மை. ஆனால் நம் லைன் வீடுகளை நினைத்துப் பாருங்கள். சுவருக்குச் சுவர் ஒட்டி வரிசையாக வீடு, ஒரே ரூட்டரின் பாஸ்வேர்டு நாலு வீட்டில். வைஃபை எல்லைக்கு வெளியே இருப்பவர் யார்?

அந்த ஃபைலை யார் கொடுத்தது?

ஜைடு பொதுமக்களுக்கு ரீமிக்ஸ் கொடுப்பதை நிறுத்திவிட்டது. அப்படியானால் உங்கள் கடைக்காரர் வைத்திருக்கும் ஐஎஸ்ஓ ஃபைல் எங்கிருந்து வந்தது? யாரோ எங்கோ ஏற்றி வைத்ததிலிருந்து, யூடியூப் வீடியோவுக்குக் கீழே தொங்கும் லிங்க்கிலிருந்து, டெலிகிராம் குழுவிலிருந்து. நடுவில் எத்தனை கை மாறியது, எந்தக் கை எதைச் சேர்த்தது என்று சொல்ல ஆள் கிடையாது.

வீண் பயம் என்று தள்ளாதீர்கள். 2016 பிப்ரவரி 20 அன்று லினக்ஸ் மின்ட்டின் இணையதளத்துக்குள்ளேயே ஒருவர் புகுந்து, டவுன்லோடு லிங்க்கை மாற்றி, பின்வாசல் வைத்த ஐஎஸ்ஓவைக் கொடுத்துவிட்டார். உயிரோடு இருக்கிற, பேர்போன திட்டத்துக்கே அந்தக் கதி. அங்கே பொறுப்பான ஆட்கள் இருந்தார்கள். உடனே கண்டுபிடித்து, தளத்தை நிறுத்தி, எந்த ஃபைல் கெட்டது, எப்படிச் சரிபார்ப்பது என்று ஊருக்கெல்லாம் சொன்னார்கள். ரீமிக்ஸ் ஃபைலில் யாராவது எதையாவது சொருகினால் அறிவிப்பது யார்? சரிபார்க்கும் ஹாஷ் எண்ணும் ஃபைலை ஏற்றியவரே எழுதிவைத்ததாக இருந்தால், அந்த எண் பொருந்தி என்ன, பொருந்தாவிட்டால் என்ன?

கூகுள் சான்றில்லாத ஆண்ட்ராய்டுக்குள் என்ன ஒளிந்திருக்க முடியும் என்பதற்கு 'பேட்பாக்ஸ்' விவகாரம் சாட்சி. மலிவு ஆண்ட்ராய்டு டிவி பாக்ஸ்களில் பெட்டியைத் திறக்கும் முன்பே வைரஸ். ஓஎஸ்ஸோடு சேர்த்தே பதித்திருந்ததால் ஃபேக்டரி ரீசெட் போட்டாலும் போகாது. 2025 ஜூனில் அமெரிக்காவின் எஃப்பிஐ பொது எச்சரிக்கை விட்டது. அடுத்த மாதமே கூகுள் வழக்குப் போட்டது. அதில் சொன்ன கணக்கு, பாதிக்கப்பட்ட சாதனங்கள் 1 கோடிக்கும் மேல். வீட்டுக்காரர் படம் பார்த்துக்கொண்டிருக்க, அவருடைய இன்டர்நெட் இணைப்பை வேறு யாரோ மோசடிக்கு வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தார்கள். நாளை போலீஸ் வந்து கேட்டால் காட்டப்போகும் ஐபி முகவரி உங்களுடையது.

ஒரு எண்டர் தட்டினால் டி டிரைவ் காலி

இப்போது போடும் வேலைக்கு வருவோம். ஆண்ட்ராய்டு-எக்ஸ்86 வகை இன்ஸ்டாலர் நீலத் திரையில் வரும், மவுஸ் கிடையாது. முதலில் பார்ட்டிஷன் பட்டியல் காட்டும். அங்கே 'சி டிரைவ்', 'டி டிரைவ்' என்றெல்லாம் எழுதியிருக்காது. எஸ்டிஏ1, எஸ்டிஏ2, எஸ்டிஏ5, எஸ்டிபி1 என்றுதான் இருக்கும். எது விண்டோஸ், எது கல்யாண போட்டோ வைத்த பகுதி, எது பென்டிரைவ் என்று அளவைப் பார்த்து ஊகிக்க வேண்டும். 320 ஜிபி டிஸ்க்கைச் சமமாக இரண்டாகப் பிரித்து வைத்திருந்தால் அளவும் கைகொடுக்காது.

தேர்ந்தெடுத்ததும் எந்த ஃபைல் சிஸ்டம் என்று கேட்கும். ஈஎக்ஸ்டி4-ஐத் தேர்ந்தெடுத்தால், அந்தப் பகுதியில் உள்ள எல்லாம் அழிந்துபோகும், சம்மதமா என்று ஒரே ஒரு முறை கேட்கும். அவசரத்தில் 'யெஸ்' தட்டினால் முடிந்தது. நம்மூர்க் கடையில் ஒரே நேரத்தில் நாலு மெஷினுக்கு ஃபார்மேட் அடித்துக்கொண்டிருக்கும் பையன் அந்த வரியைப் படிப்பான் என்று எந்த நம்பிக்கையில் விடுகிறீர்கள்?

அந்த டி டிரைவில் என்ன இருக்கிறது என்று யோசியுங்கள். சுரங்கம் மூடியபோது அப்பாவுக்கு வந்த எஸ்டிபிபி செட்டில்மென்ட் காகிதங்களின் ஸ்கேன், பிஎஃப் கணக்கு, குவார்ட்டர்ஸ் சம்பந்தமான கடிதங்கள், தாத்தா தலையில் விளக்குத் தொப்பியோடு நிற்கும் ஒரே போட்டோ. இவற்றுக்கு இன்னொரு காப்பி உண்டா?

அடுத்த கேள்வி, கிரப் போடவா என்பது. போட்டால் கம்ப்யூட்டர் கிளம்பும் வழியே மாறிவிடும். பிறகு ஆண்ட்ராய்டு பிடிக்கவில்லை என்று விண்டோஸுக்குள் போய் அந்தப் பார்ட்டிஷனை அழித்தால், அடுத்த முறை ஆன் செய்யும்போது 'கிரப் ரெஸ்க்யூ' என்று ஒரு கறுப்புத் திரை நிற்கும், விண்டோஸும் வராது. கொஞ்சம் புதிய லேப்டாப்பாக இருந்தால் செக்யூர் பூட்டை அணைக்கச் சொல்வார்கள். பிட்லாக்கர் போட்ட லேப்டாப்பாக இருந்தால் அதற்குப் பிறகு 48 இலக்க ரெக்கவரி கீ கேட்கும். அது எங்கே என்று அப்போதுதான் வீடு முழுக்கத் தேடுவீர்கள்.

தப்பான பார்ட்டிஷன் அழிந்துபோய்விட்டதா? உடனே கம்ப்யூட்டரை அணையுங்கள். மறுபடி எதையும் இன்ஸ்டால் செய்யாதீர்கள். புதிதாக எழுதப்படும் ஒவ்வொரு ஃபைலும் பழையதை நிரந்தரமாக அழிக்கக்கூடும். டிஸ்க்கைக் கழற்றி வேறொரு சிஸ்டத்தில் இணைத்து டெஸ்ட்டிஸ்க், ஃபோட்டோரெக் போன்ற இலவசக் கருவிகளால் மீட்க முயலலாம். முழுதாகக் கிடைக்கும் என்ற உத்தரவாதம் கிடையாது.

சிவப்பு எச்சரிக்கையைத் தாண்டிப் போகும் பழக்கம்

எல்லாம் தாண்டி ஏற்றியாகிவிட்டது, பிரவுசரைத் திறக்கிறீர்கள். பல தளங்கள் 'இந்த இணைப்பு பாதுகாப்பானதல்ல' என்று சொல்லி நிற்கும். காரணம் இதுதான். உலகத்தின் பெருவாரியான இணையதளங்களுக்கு இலவசமாகச் சான்றிதழ் தருவது லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு. ஆண்ட்ராய்டு 7.1.1-க்கு முந்தைய பதிப்புகளுக்கு அதன் மூலச் சான்றிதழைத் தெரியாது. பழைய ஃபோன்களுக்காக வைத்திருந்த மாற்று ஏற்பாடும் 2024 செப்டம்பருடன் முடிந்துவிட்டது. ஆகவே ஆண்ட்ராய்டு 6-இன் கண்ணுக்கு நல்ல தளமும் சந்தேகத் தளமாகத்தான் தெரியும்.

இங்கேதான் உண்மையான ஆபத்து. நாலு நல்ல தளத்தில் 'பரவாயில்லை, உள்ளே போ' என்று தட்டிப் பழகிய விரல், ஐந்தாவதாக வரும் போலித் தளத்திலும் அதையே தட்டும். எச்சரிக்கைக்கு மதிப்பில்லாமல் போய்விடும்.

பிரவுசரைப் புதுப்பிக்கலாமே என்றால் அதற்கும் வழி அடைபட்டுவிட்டது. ஆண்ட்ராய்டு 6-க்கு குரோமின் புதிய பதிப்புகள் 2022-இல் நின்றன. 7-க்கு 2023 கடைசியில். 8, 9 இரண்டுக்கும் 2025-இல். வேறு பிரவுசரை ஏற்றினாலும் அடியில் இருக்கும் கெர்னல், வைஃபை, புளூடூத் பகுதிகள் அதே பழைய சரக்குதான்.

பணம் சம்பந்தப்பட்டதைத் தொடவே தொடாதீர்கள்

"பெரிய திரையில் ஜிபே பார்க்கலாம்" என்று ஆசைகாட்டுவார்கள். யூபிஐ ஆப் எதுவானாலும், பதிவு செய்யும்போது அந்தச் சாதனத்தில் இருக்கும் சிம்மிலிருந்து எஸ்எம்எஸ் அனுப்பித்தான் உங்கள் நம்பரை உறுதிசெய்யும். மேஜைக் கம்ப்யூட்டரில் சிம் ஏது? வங்கி ஆப்கள் இன்னும் ஒருபடி மேலே போய், இந்தச் சாதனம் கூகுள் சான்று பெற்றதா, ரூட் செய்யப்பட்டதா என்று பார்க்கும். கைவிடப்பட்ட ஓஎஸ்ஸில் பெரும்பாலும் முதல் திரையிலேயே மூடிக்கொள்ளும்.

மூடிக்கொள்வது உங்கள் நல்லதுக்குத்தான். ஆனால் பலர் அங்கே நிற்பதில்லை. 'எல்லா மெஷினிலும் ஓடும்' என்று யாரோ வெட்டி ஒட்டிய மாட் ஏபிகேவைத் தேடி எடுத்து ஏற்றிவிடுவார்கள். வங்கி ஆப்பின் பூட்டை உடைத்துக் கொடுத்த அந்தப் புண்ணியவானுக்கு உங்கள் பின் நம்பர் எதற்குத் தேவைப்படும் என்பதை நான் சொல்ல வேண்டுமா?

அதேபோல் சேவா சிந்து விண்ணப்பம், பிஎஃப் யூஏஎன் லாகின், ஆதார் ஓடிபி எதுவும் இந்த மெஷினில் வேண்டாம். ஜிமெயில் மட்டும்தானே என்று நினைக்காதீர்கள். உங்கள் மற்ற எல்லாக் கணக்கின் பாஸ்வேர்டையும் மாற்றும் வழி அந்த ஜிமெயிலுக்குத்தான் வருகிறது.

ஏற்கெனவே போட்டாகிவிட்டதா?

பதற வேண்டாம், ஆனால் தள்ளிப்போடவும் வேண்டாம். வரிசையாகச் செய்யுங்கள்.

முதலில் கம்ப்யூட்டரின் நெட் இணைப்பைத் துண்டியுங்கள். பிறகு உங்கள் ஃபோனிலிருந்து கூகுள் பாஸ்வேர்டை மாற்றுங்கள். கணக்கின் பாதுகாப்புப் பகுதியில் 'உங்கள் சாதனங்கள்' பட்டியல் இருக்கும். அங்கே அந்தக் கம்ப்யூட்டரை வெளியேற்றுங்கள். இரண்டு கட்டச் சரிபார்ப்பு இல்லையென்றால் இன்றே போடுங்கள். வாட்ஸப்பில் இணைக்கப்பட்ட சாதனங்கள் பட்டியலைப் பார்த்து, தெரியாததை நீக்குங்கள். வங்கிப் பாஸ்வேர்டு அடித்திருந்தால் அதையும் மாற்றுங்கள். கணக்கில் போன சில மாதத்து வரவு செலவைப் பாருங்கள்.

பிறகு போட்டோ, பிடிஎஃப் போன்றவற்றை மட்டும் வெளி டிஸ்க்கில் எடுத்துக்கொள்ளுங்கள். ஏபிகே ஃபைல் ஒன்றுகூட வேண்டாம். கடைசியாக முழு ஹார்டு டிஸ்க்கையும் துடைத்துவிட்டு வேறு ஓஎஸ் போடுங்கள்.

பணம் போயிருப்பது தெரிந்தால் யோசிக்காமல் சைபர் மோசடி உதவி எண் 1930-க்கு அடியுங்கள். எவ்வளவு சீக்கிரம் அடிக்கிறீர்களோ அவ்வளவுக்கு அந்தப் பணம் நடுவழியில் முடக்கப்படும் வாய்ப்பு அதிகம். புகாரை சைபர்கிரைம் இணையதளத்திலும், சைபர் குற்றங்களைக் கவனிக்கும் சி.இ.என். காவல் நிலையத்திலும் கொடுக்கலாம்.

அப்போ பழைய பெட்டியை என்ன செய்ய?

விண்டோஸ் 10 ஒரிஜினலாக இருந்தால் முதல் வழி மைக்ரோசாப்டின் நீட்டிப்புத் திட்டம். மைக்ரோசாப்ட் கணக்கில் நுழைந்து செட்டிங்ஸை பேக்கப் செய்ய ஒப்புக்கொண்டால் காசில்லாமலே 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் தருவதாக அறிவித்திருக்கிறார்கள். விண்டோஸ் அப்டேட் பக்கத்திலேயே சேரும் வசதி உண்டு.

இரண்டாவது வழி லினக்ஸ் மின்ட், அதில் எடை குறைந்த எக்ஸ்எஃப்சிஇ வகை. 64 பிட் பிராசஸர் வேண்டும். கோர் 2 டுவோவுக்கு அது உண்டு. 2 ஜிபி ராமில் கிளம்பும், 4 ஜிபி இருந்தால் நிம்மதி. மின்ட் 22 வரிசைக்கு 2029 வரை அப்டேட் உறுதி. பென்டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்த்து, வைஃபை, சத்தம், பிரின்டர் எல்லாம் சரியா என்று தெரிந்த பிறகு டிஸ்க்கில் ஏற்றலாம். தமிழும் கன்னடமும் டைப் செய்யலாம். லினக்ஸ் நமக்குப் புதிதும் இல்லை. தமிழ்நாடு அரசு 2011-இல் இருந்து மாணவர்களுக்குத் தந்த லேப்டாப்புகளில் விண்டோஸோடு கூடவே சிடாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. நாம்தான் திறந்து பார்க்காமல் விட்டோம்.

மூன்றாவது, பிரவுசர் மட்டும் போதும் என்பவர்களுக்கு குரோம் ஓஎஸ் ஃப்ளெக்ஸ். கூகுளே இலவசமாகத் தருகிறது. 4 ஜிபி ராம் வேண்டும், 2010-க்கு முந்தைய பாகங்கள் என்றால் தகராறு செய்யும், பிளே ஸ்டோர் கிடையாது.

பிளே ஸ்டோர் இல்லாமல் எப்படி என்கிறீர்களா? ஃபோன் ஆப்பைப் பெரிய திரையில் பார்ப்பதுதான் ஆசையென்றால் 'எஸ்சிஆர்சிபிஒய்' என்ற இலவச, திறந்த மூல மென்பொருள் இருக்கிறது. ஃபோனில் யூஎஸ்பி டீபக்கிங்கை ஆன் செய்து யூஎஸ்பி கேபிளால் இணைத்தால் அதன் திரை அப்படியே மானிட்டரில் வரும், கீபோர்டிலேயே டைப் செய்யலாம். ஆப் ஓடுவது அப்டேட் வரும் உங்கள் ஃபோனில். கம்ப்யூட்டர் காட்டுவதோடு சரி. வேலை முடிந்ததும் ஃபோனில் யூஎஸ்பி டீபக்கிங்கை அணைத்துவிடுங்கள். இதைவிட என்ன வேண்டும்?

ராமையும் டிஸ்க்கையும் கொஞ்சம் கவனித்தாலே பழைய பெட்டி உயிர்பெறும். சுழலும் ஹார்டு டிஸ்க்குக்குப் பதில் ஒரு சின்ன எஸ்எஸ்டி, இன்னொரு 2 ஜிபி ராம். பெரும்பாலும் 'ஸ்லோ' என்று நாம் திட்டுவது ஓஎஸ்ஸை அல்ல, தேய்ந்துபோன டிஸ்க்கை.

கற்றுக்கொள்ளத்தான் போடுகிறேன் என்பவர்களுக்கு

பழைய ஓஎஸ்களைக் கிண்டிப் பார்க்கும் ஆர்வத்தை நான் குறை சொல்ல மாட்டேன். பெங்களூரில் இன்று கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் நம்மூர்ப் பிள்ளைகள் பலர் அப்படிக் கிண்டித்தான் கற்றார்கள். ஆனால் ஒழுங்காகக் கிண்டுங்கள். வர்ச்சுவல்பாக்ஸ் போன்ற மெய்நிகர் கணினிக்குள் போட்டுப் பாருங்கள். நிஜ மெஷினில்தான் வேண்டுமென்றால், எதுவும் இல்லாத தனி டிஸ்க்கைப் போட்டு, வீட்டு டிஸ்க்கின் கேபிளைக் கழற்றிவிட்டுச் செய்யுங்கள். நெட் வேண்டாம். சொந்த கூகுள் கணக்கு வேண்டவே வேண்டாம். பார்த்து முடித்ததும் துடைத்துவிடுங்கள்.

தம்பி தங்கைகளுக்கு மெஷின் தயார்செய்து கொடுப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். கொடுத்துவிட்டு நீங்கள் காலை ரயில் ஏறி பெங்களூர் போய்விடுவீர்கள். வீட்டில் அந்தப் பிள்ளை அதில் என்னென்ன லாகின் செய்கிறது என்று உங்களுக்குத் தெரியப்போவதில்லை.

கடையில் கேட்க மூன்று கேள்விகள்

ஆன்டர்சன்பேட்டையோ, ராபர்ட்சன்பேட்டையோ, பங்காருபேட்டையோ, எந்தக் கடையில் சிஸ்டத்தைக் கொடுத்தாலும் இந்த மூன்றையும் கேளுங்கள்:

ஒன்று, "இந்த ஓஎஸ்ஸுக்குக் கடைசியா செக்யூரிட்டி அப்டேட் எப்போ வந்துச்சு?"

இரண்டு, "இந்த ஃபைலை யாரோட ஒரிஜினல் தளத்துல இருந்து எடுத்தீங்க? அந்தத் தளம் இப்போ இருக்கா?"

மூன்று, "என் டி டிரைவுக்கு முதல்ல பேக்கப் எடுத்துக் காட்டுவீங்களா?"

நல்ல கடைக்காரர் கோபப்பட மாட்டார், பதில் சொல்வார். மழுப்பினால் மெஷினைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுங்கள். ஃபார்மேட் என்றைக்கு வேண்டுமானாலும் அடிக்கலாம்; அடித்ததை முழுதாகத் திரும்ப எடுக்க முடியும் என்ற உறுதி கிடையாது.